பூச்சி மாத்திரை கொடுக்கலாமா? புழு சுரக்கும் புரதம் குடலுக்கு நல்லது என்கிறார்களே

கேள்வி
2025 பிப்ரவரி 6, வியாழன், மாலை 6.40

பள்ளிக்கூடத்திலிருந்து செய்தி வந்திருக்கிறது. திங்கட்கிழமை குடற்புழு நீக்க நாளாம், எல்லாப் பிள்ளைகளுக்கும் அல்பெண்டசோல் மாத்திரை தரப்போகிறார்களாம். என் மகனுக்கு 7 வயது. போன வாரம் ஒரு காணொளி பார்த்தேன். குடல் புழுக்கள் சுரக்கும் புரதங்கள் குடலின் உள்சுவரை ஆற்றுகின்றன, அழற்சியைத் தணிக்கின்றன, மேல்நாடுகளில் புழு ஒழிந்ததால்தான் அங்கே குடல் நோயும் ஒவ்வாமையும் பெருகின, நாம் மாத்திரை போட்டு நல்லதை விரட்டுகிறோம் என்று ஒருவர் பேசினார். ஆய்வுக் கட்டுரைகளின் படங்களையும் காட்டினார். என் மாமியாரும் "வயித்துல ரெண்டு பூச்சி இருந்தாத்தான் சோறு செரிக்கும்" என்கிறார். விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கையெழுத்துப் போட்டு அனுப்பவா, வேண்டாமா?

பிப்ரவரி 6, இரவு 9.15

கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். பையனுக்குக் காய்ச்சல் மாதிரி ஏதாவது இருந்தால் மட்டும் அன்றைக்கு வேண்டாம். விடுபட்ட பிள்ளைகளுக்குச் சில நாள் கழித்து மறுபடி தருவார்கள். மாத்திரையை அப்படியே விழுங்காமல் நன்றாக மென்று தின்னச் சொல்லுங்கள்.

அந்தக் காணொளிக்காரர் சொன்னது முழுப் பொய் இல்லை. அதனால்தான் ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டுப் போக மனம் வரவில்லை. சுண்டெலிக் குடலையும் அதில் வாழும் புழுக்களையும் வைத்து வேலை செய்யும் ஆய்வகம் ஒன்றில் எட்டு வருடம் இருந்தேன். சிறு வயதில் எனக்கே கொக்கிப் புழு இருந்தது. நாளை எழுதுகிறேன்.

பிப்ரவரி 7, வெள்ளி, காலை 7.05

எங்கள் ஊர் பண்ருட்டிப் பக்கம். செம்மண், முந்திரித் தோப்பு. எண்பதுகளில் எங்கள் தெருவில் ஒரு வீட்டிலும் கழிப்பறை கிடையாது, தோப்புதான். நிழல், ஈரம், மணல் கலந்த மண். கொக்கிப் புழுவின் முட்டை பொரிந்து குஞ்சு வளர இதைவிடத் தோதான இடம் வேறில்லை. அதே தோப்பில்தான் நாங்கள் செருப்பில்லாமல் ஓடி ஆடினோம். ஐப்பசி மழையில் கால் விரலிடுக்கு அரிக்கும். சேற்றுப்புண் என்று அம்மா மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசிவிடுவார். அந்த அரிப்பில் ஒரு பங்கு புழு தோலைத் துளைத்து நுழைந்த அரிப்பு என்பது எனக்கு முப்பது வயதில்தான் தெரிந்தது.

தோல் வழியே நுழைந்த குஞ்சு ரத்தத்தில் ஏறி நுரையீரலுக்குப் போகிறது. அங்கிருந்து மூச்சுக்குழாய் வழியாகத் தொண்டைக்கு வருகிறது. எச்சிலோடு அதை நாமே விழுங்கிவிடுகிறோம். சிறுகுடலில் இறங்கி, சுவரைக் கவ்விக்கொண்டு, ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு வளர்ந்து, வருடக் கணக்கில் அங்கேயே இருக்கிறது.

இப்போது உங்கள் கேள்வியின் நடுப்பகுதிக்கு வருகிறேன். புழு கவ்வுகிற அந்தச் சுவர் எப்படிப்பட்டது? குடலின் உள்பூச்சு ஒரே ஓர் அடுக்கு செல்கள்தான். அதற்கு மேலே சளிப் படலம். செல்லுக்குச் செல் இறுக்கிப் பின்னப்பட்டிருக்கும். மூன்று முதல் ஐந்து நாளுக்கு ஒரு முறை முழுப் பூச்சும் உதிர்ந்து புதிதாகிறது. இவ்வளவு வேகமாகப் புதுப்பிக்கிற இடத்தில் ஒரு புழு வாயை வைத்தால், காயம் உடனே உறைந்து மூடிவிட வேண்டும். மூடினால் புழுவுக்குச் சாப்பாடு இல்லை. ஆகவே அது வாயிலிருந்து புரதங்களை விடுகிறது. ஒன்று ரத்த உறைவைத் தொடக்கத்திலேயே நிறுத்துகிறது. இன்னொன்று காயத்துக்கு ஓடிவரும் வெள்ளணுக்கள் ரத்தக் குழாய்ச் சுவரில் ஒட்ட முடியாமல் செய்கிறது. புழு அவ்வப்போது இடம் மாறிக் கவ்வும். பழைய இடத்தில் அது விட்ட புரதம் இருக்கிறதே, அதனால் புழு போன பிறகும் அந்தக் காயம் கசிந்துகொண்டே இருக்கும்.

கணக்குப் பாருங்கள். நெகேட்டர் என்ற கொக்கிப் புழு ஒன்று நாளுக்கு ஏறத்தாழ 0.03 மில்லி ரத்தம் இழக்க வைக்கும். 100 புழு இருந்தால் 3 மில்லி. நாலு மாதத்துக்கு 360 மில்லி. ரத்த தான முகாமில் ஒரு முறை எடுப்பதே 350 மில்லிதான். அன்கைலோஸ்டோமா என்ற மற்ற வகை இதைப் போல ஐந்து மடங்குக்கு மேல் குடிக்கும்.

நான் பல்பம் தின்பேன். பச்சரிசி தின்பேன். சுவர்ச் சுண்ணாம்பைச் சுரண்டித் தின்று அடி வாங்கியிருக்கிறேன். ரத்தம் குறைந்த உடம்புக்கு வரும் ஆசை அது. அம்மாவுக்கு நாலு குடம் தண்ணீர் தூக்கினால் மூச்சு வாங்கும். ஒரு மருத்துவமனையில் ஒன்றரை வருடம் இரும்புச்சத்து மாத்திரை மட்டுமே எழுதித் தந்தார்கள். மலப் பரிசோதனை என்ற பேச்சே எழவில்லை. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றின கதை. கடைசியில் அம்மாவின் ஹீமோகுளோபின் 6.4-ல் வந்து நின்றது. வேறொரு மருத்துவர் அம்மாவின் வெடித்த பாதத்தைப் பார்த்துவிட்டு, "செருப்பு போடுவீங்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பிறகுதான் எல்லாம் மாறியது.

பிப்ரவரி 7, மதியம் 1.20

காலையில் சொன்ன உறைவு தடுக்கும் புரதம் பற்றி ஒரு சேதி விட்டுப்போயிற்று. நாயின் கொக்கிப் புழுவிலிருந்து பிரித்தெடுத்த அப்படியொரு புரதத்தில் 85 அமினோ அமிலங்கள்தான் இருக்கின்றன. அவ்வளவு சின்னது. அதை ஆய்வகத்தில் தயாரித்து மருந்தாகச் சோதித்தார்கள். 2003-ல் எபோலா தொற்றவைத்த குரங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் 9-ல் 3 பிழைத்தன. பிழைக்கவே வழியில்லாத நோயில் மூன்று. புழுவின் புரதம் மருந்தாகும் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். என் அம்மாவின் ரத்தத்தை இறக்கியதும் இதே குடும்பத்துப் புரதம்தான்.

பிப்ரவரி 8, சனி, இரவு 10.30

கொக்கிப் புழுவை விட்டுச் சுண்டெலிப் புழுவுக்கு வருகிறேன். காணொளிக்காரர் காட்டிய படங்கள் பெரும்பாலும் இதிலிருந்துதான் வந்திருக்கும்.

ஹெலிக்மோசொமாய்டிஸ் பாலிகைரஸ் என்று நீளமான பெயர். ஆய்வகத்தில் எச்-பாலி என்போம். இது தோலைத் துளைப்பதில்லை. எலி அதை விழுங்குகிறது. குஞ்சு குடல் சுவருக்குள் புகுந்து தசை அடுக்கு வரை போய் அங்கே ஒரு வாரத்துக்கு மேல் தங்கும். பிறகு குடலின் உள்ளே வெளிப்பட்டு, விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகளைச் சுற்றி வளைத்துக்கொள்ளும். எலியின் குடலை நீளவாக்கில் வெட்டித் திறந்தால் சிவப்பு நூல் சுருளைப் பஞ்சில் சுற்றினாற்போல இருக்கும். முதல் முறை பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு மாதத்தில் பழகிவிட்டது.

நிப்போஸ்ட்ராங்கைலஸ் என்று இன்னொரு புழு. அதையும் அதே இனத்து எலிக்குக் கொடுத்தால் பத்து நாளுக்குள் எலி அதை வெளியே தள்ளிவிடும். எச்-பாலியோ மாதக் கணக்கில் இருக்கும். எலி ஒன்று, குடல் ஒன்று. பிறகு ஏன் இந்த வேறுபாடு?

குடல் புழுவை எப்படி விரட்டுகிறது என்று 2016-ல் மூன்று ஆய்வுக் குழுக்கள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் கண்டுபிடித்தன. குடல் பூச்சில் நூற்றுக்கு ஒன்றுகூட இராத ஒரு செல் வகை உண்டு. தலையில் குஞ்சம் வைத்த மாதிரி இருப்பதால் குஞ்சச் செல் என்று வைத்துக்கொள்வோம். எதற்கு இருக்கிறது என்றே தெரியாமல் அறுபது வருடம் கிடந்த செல் இது. புழு வந்ததை மோப்பம் பிடிப்பது இதுதானாம். பிடித்ததும் ஐஎல்-25 என்ற சைகையை விடும். அடியிலுள்ள நோயெதிர்ப்பு செல்கள் அதைக் கேட்டு ஐஎல்-13 என்ற பதில் சைகையை விடும். அது குடல் பூச்சின் குழிகளில் இருக்கும் ஸ்டெம் செல்களை, அதாவது மற்றச் செல்களைப் பிறப்பிக்கும் தாய்ச் செல்களை, எட்டும். உடனே அவை குஞ்சச் செல்களையும் சளி சுரக்கும் கோப்பைச் செல்களையும் கூடுதலாகப் பிறப்பிக்கும். சளி பெருகும், தண்ணீர் சுரக்கும், குடல் தசை இறுகித் தள்ளும். புழு வழுக்கிக்கொண்டு வெளியே போகும். வாசலைத் தண்ணீர் அடித்துக் கழுவித் தள்ளுகிற மாதிரிதான்.

இந்தச் சுற்றை எச்-பாலி நடுவில் வெட்டிவிடுகிறது. புழுக்களைக் குடுவையில் வைத்து அவை சுரக்கும் நீர்மத்தைச் சேகரிப்பது எங்கள் அன்றாட வேலை. அந்த நீர்மத்தில் 300-க்கும் மேற்பட்ட புரதங்கள் உண்டு. இன்னொரு பக்கம், எலிக் குடலின் ஸ்டெம் செல்லிலிருந்து தட்டில் வளர்க்கும் குட்டிக் குடல்கள், ஆர்கனாய்டு என்பார்கள். 2009-ல் நெதர்லாந்தில் ஹான்ஸ் கிளெவர்ஸின் ஆய்வகம் இதை முதலில் வளர்த்தது. குட்டிக் குடலுக்கு ஐஎல்-13 கொடுத்தால் குஞ்சச் செல்லும் கோப்பைச் செல்லும் பெருகும். கூடவே புழு நீர்மத்தையும் விட்டால் பெருகாது. புழுவே அந்தத் தட்டில் இல்லை, நோயெதிர்ப்பு செல்லும் இல்லை. வெறும் நீர்மம், வெறும் குடல் பூச்சு. 2022-ல் இது அச்சில் வந்தது.

பெருகாத செல்லுக்குப் பதிலாக என்ன வருகிறது என்பதுதான் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கும் இடம். புழு தன் புரதத்தால் ஸ்டெம் செல்லைக் கருக்காலத்துக்கே திருப்பிவிடுகிறது. தாயின் வயிற்றுக்குள் இருந்தபோது எலியின் குடல் செல்கள் எந்த மரபணுக்களை இயக்கினவோ, அவற்றை மறுபடி இயக்குகின்றன. அவை வேகமாகப் பெருகும், காயத்தை மூடும். காவல் செல்களை மட்டும் பிறப்பிக்காது.

"குடல் சுவரை ஆற்றுகிறது" என்று காணொளியில் சொன்னது இதைத்தான் என்று நினைக்கிறேன். ஆற்றுகிறது, உண்மைதான். குஞ்சு சுவரைத் துளைத்த ஓட்டை வழியே கிருமி உள்ளே போனால் எலி சாகும். எலி செத்தால் புழுவும் சாகும். வாடகைக்கு இருப்பவர் கூரை ஒழுகலை அடைப்பது மாதிரி அடைக்கிறது. கூடவே வாசல் காவலாளியின் வேலையையும் பறித்துவிடுகிறது.

பிப்ரவரி 9, ஞாயிறு, மாலை 5.50

300-க்கும் மேற்பட்ட புரதங்களில் இரண்டைப் பற்றி மட்டும். இரண்டும் 2017-ல் வெளிவந்தவை, இரண்டிலும் புழு ஆய்வாளர் ரிக் மெய்சல்ஸின் குழுவுக்குப் பங்குண்டு.

குடல் பூச்சு செல்லின் உட்கருவுக்குள் ஐஎல்-33 என்ற அபாய சைகை எப்போதும் தயாராக இருக்கும். செல் கிழிந்து செத்தால் அது வெளியே கொட்டி, "இங்கே யாரோ உடைக்கிறார்கள்" என்று சுற்றுப்புறத்துக்குச் சொல்லும். ஏஆர்ஐ என்ற புழுப் புரதம் என்ன செய்கிறது தெரியுமா? செத்த செல்லுக்குள் நுழைந்து ஒரு கையால் ஐஎல்-33-ஐயும் மறு கையால் அந்தச் செல்லின் டிஎன்ஏவையும் பிடித்துக்கொள்கிறது. சைகை செத்த செல்லோடு கட்டுண்டு கிடக்கிறது. கோயில் மணியின் நாக்கைத் துணி சுற்றிக் கட்டினால் கயிற்றை எவ்வளவு இழுத்தாலும் ஓசை வராதே, அப்படி. போதாக்குறைக்கு, ஐஎல்-33 போய்ச் சேர வேண்டிய ஏற்பியை அடைக்க இன்னொரு புரதமும் வைத்திருக்கிறது.

இரண்டாவது, டிஜிஎம். நம் உடம்பில் டிஜிஎஃப்-பீட்டா என்ற சைகை உண்டு. அழற்சியை அடக்கு, திசுவைச் சீராக்கு என்று சொல்வது அது. டிஜிஎம் உருவத்தில் அதைப் போலக் கொஞ்சமும் இல்லை. அமைப்பு வேறு, பரம்பரை வேறு. ஆனால் டிஜிஎஃப்-பீட்டாவின் பூட்டுக்குள் கச்சிதமாகப் பொருந்துகிறது. பொருந்தி, அழற்சியை அடக்கும் டி செல்கள் என்ற நோயெதிர்ப்பு செல்களைப் பெருக்குகிறது. குடல் அழற்சி உள்ள எலிகளுக்கு இந்தப் புரதத்தை மட்டும் கொடுத்தால் அவற்றின் நோய் குறைகிறது.

சரி, நாளை திங்கள். மாத்திரையை மறந்துவிடாதீர்கள்.

பிப்ரவரி 10, திங்கள், இரவு 8.00

சனிக்கிழமை எழுதியதில் ஒரு திருத்தம். ஸ்டெம் செல்லைக் கருக்காலத்துக்குத் திருப்புவது புழுவின் புரதம் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டேன். அது பாதிதான். 2018-ல் சான் ஃபிரான்சிஸ்கோ குழு இதை முதலில் கண்டபோது, குஞ்சு புதைந்திருக்கும் இடத்துக்கு நேர் மேலே உள்ள குழிகளில் மட்டும் இந்த மாற்றத்தைப் பார்த்தார்கள். அதற்கு எலியின் சொந்தச் சைகையான இன்டர்ஃபெரான்-காமா தேவைப்பட்டது. அதாவது, உடம்பே தன் காயத்துக்குச் செய்துகொள்ளும் பழுதுபார்ப்பு. புழு நீர்மம் மட்டுமே தனியாகவும் இந்தத் திருப்பத்தைக் கொண்டுவரும் என்பது 2022-ல் குட்டிக் குடல்களில் தெரிந்தது. இப்போது நான் நினைப்பது: உடம்பு தானாகத் தொடங்கும் பழுதுபார்ப்பைப் புழு தள்ளிவிட்டு நீட்டிக்கிறது.

இது எனக்கு முக்கியம். ஆற்றுவது யார் என்று கேட்டால், பெரும்பங்கு உங்கள் பையனின் குடலேதான். ஆற்ற வேண்டிய காயத்தை உண்டாக்கியதுதான் புழு.

பிப்ரவரி 12, புதன், காலை 6.30

பையன் மாத்திரை தின்றுவிட்டான், ஒன்றும் ஆகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது. "அப்போ மேல்நாட்டுக்காரர்கள் புழுவையே மருந்தாகக் குடித்துப் பார்த்தார்கள் என்றாரே, அது?" என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

குடித்தார்கள். அமெரிக்காவின் அயோவாவில், பன்றியின் சாட்டைப் புழு முட்டைகள். மனிதக் குடலில் அது நிலைக்காது என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். கிரோன் என்ற குடல் அழற்சி நோயாளிகள் 29 பேருக்கு மூன்று வாரத்துக்கு ஒரு முறை 2,500 முட்டைகள். 2005-ல் முடிவு வந்தபோது 24 வாரத்தில் 21 பேருக்கு நோய் அடங்கியிருந்தது. அதைப் படித்தபோது நான் கல்லூரியில் இருந்தேன். அந்தக் கட்டுரையால்தான் இந்தத் துறைக்கே வந்தேன் என்று சொல்லலாம். ஆனால் அந்தச் சோதனையில், ஒப்பிட்டுப் பார்க்க வெற்று மருந்து (முட்டையே இல்லாத போலி மருந்து) வாங்கிய குழு கிடையாது. பிறகு வெற்று மருந்தோடு ஒப்பிட்டுப் பெரிய அளவில் செய்தார்கள். 2013-ல் அது நிறுத்தப்பட்டது. முட்டை குடித்தவர்களும் வெற்று நீர் குடித்தவர்களும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தார்கள்.

ஆஸ்திரேலியாவில் கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோயாளிகள் 12 பேர் தங்கள் தோலில் 20 கொக்கிப் புழுக் குஞ்சுகளை விட்டுக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கோதுமை சாப்பிட்டுப் பார்த்தார்கள். 2015-ல் வந்த முடிவு நம்பிக்கை தந்தது. அடுத்துச் செய்த பெரிய சோதனையில் கோதுமையின் அளவைக் கூட்டியபோது புழு காப்பாற்றவில்லை.

எண்ணிப் பாருங்கள், 20 குஞ்சு. நல்ல சாப்பாடு, இடையிடையே ரத்தப் பரிசோதனை, கையெட்டும் தூரத்தில் மாத்திரை. எங்கள் தோப்பில் யார் எண்ணினார்கள்?

பிப்ரவரி 12, காலை 6.50

கடைசி வரி கோபத்தில் வந்தது. அழிக்க மனமில்லை, இருக்கட்டும். அந்த ஆஸ்திரேலிய ஆய்வாளர்களை நான் குறை சொல்லவில்லை. கெய்ன்ஸ் நகரில் அலெக்ஸ் லூகாஸின் குழு புழுவின் புரதங்களைத் தனியே பிரித்து, எலிகளில் குடல் அழற்சிக்கும் மூச்சுக்குழாய் அழற்சிக்கும் சோதிக்கிறது. அதுதான் நேர்வழி என்பது என் எண்ணம்.

பிப்ரவரி 15, சனி, இரவு 9.40

சாட்டைப் புழு பற்றி ஒருவர் கேட்டிருந்தார். இது பெருங்குடலில் இருப்பது. சாட்டையின் மெல்லிய முன்பகுதியைக் குடல் பூச்சின் செல்களுக்கு உள்ளேயே சுரங்கம் மாதிரித் துளைத்துச் செருகிக்கொள்ளும். பருத்த பின்பகுதி வெளியே ஆடிக்கொண்டிருக்கும்.

எலியின் சாட்டைப் புழு சுரக்கும் புரதங்களில் மிக அதிகமானது பி43 என்பது. போன சனிக்கிழமை சொன்னேனே ஐஎல்-13, புழுவை வெளியேற்றச் சொல்லும் பதில் சைகை, அதை இந்தப் புரதம் வழியிலேயே பிடித்துக்கொள்கிறது. பிடித்துக்கொண்டு, செல்களுக்கு இடையிலுள்ள வலைப்பின்னலில் போய் ஒட்டிக்கொள்கிறது. எச்-பாலி ஒரு முனையில் வெட்டியது, இது மறுமுனையில் வெட்டுகிறது. ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவில்லாத இரண்டு புழுக்கள் ஒரே சுற்றைக் குறிவைத்திருக்கின்றன. குடலுக்கு அந்தச் சுற்று எவ்வளவு முக்கியம் என்று இதிலிருந்தே தெரிகிறது.

சளிப் படலத்தையும் அது விடுவதில்லை. பெருங்குடல் சளியை வலைபோலப் பின்னிவைக்கும் மியூக்-2 என்ற புரதத்தை வெட்டும் நொதிகளை விடுகிறது. குடல் பதிலுக்கு வேறு சளியைக் கொண்டுவருகிறது. வழக்கமாக இரைப்பையிலும் மூச்சுக்குழாயிலும் இருக்கும் மியூக்-5ஏசி, புழுவை எதிர்க்கும் எலியின் பெருங்குடலில் தோன்றுகிறது. அது தோன்றாத எலிகளால் புழுவை வெளியேற்ற முடிவதில்லை.

பிள்ளைகளுக்குச் சாட்டைப் புழு மிக அதிகமாகிவிட்டால் ரத்தமும் சளியுமாகப் போகும். முக்கி முக்கி மலக்குடலே ஆசனவாய் வழியாக வெளியே தள்ளிவிடும். "ரெண்டு பூச்சி" என்று மாமியார் சொன்னார் அல்லவா, இரண்டோடு நிற்பதில்லை என்பதுதான் சங்கடம். இன்னொன்று, பள்ளியில் தரும் ஒற்றை மாத்திரை கொக்கிப் புழுவுக்கு நன்றாக வேலை செய்யும், சாட்டைப் புழுவுக்குக் குறைவாகத்தான். ஆகவே மாத்திரைக்குப் பிறகும் வயிற்றுப்போக்கோ ரத்தமோ இருந்தால் மலப் பரிசோதனை செய்யுங்கள்.

பிப்ரவரி 16, ஞாயிறு, காலை 11.15

தன் தாத்தா இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர், கப்பலேறும் முன் முகாமில் கசப்பு எண்ணெய் குடிக்க வைத்தார்கள் என்று சொல்வார், அது இதற்குத்தானா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பெரும்பாலும் இதற்குத்தான். அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையினர் 1916-ல் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப் புழு ஒழிப்பைத் தொடங்கினார்கள். அப்போதைய மருந்து செனப்போடியம் எண்ணெய். தோட்டத்தில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் நம் ஊர்களிலிருந்து போனவர்கள். மழை, நிழல், வெறுங்கால், கழிப்பறை இல்லாத லயம் என்ற வரிசை வீடுகள். எங்கள் முந்திரித் தோப்பின் கணக்கேதான், இன்னும் மோசமாக.

சோம்பேறிகள் என்று அந்த மக்களைப் பற்றி எவ்வளவு எழுதியிருக்கிறார்கள். ஆறு, ஏழு கிராம் ஹீமோகுளோபினோடு மலையேறிக் கொழுந்து பறித்தவர்கள் அவர்களில் எத்தனை பேரோ. நேற்று இரவெல்லாம் இதே நினைப்பு.

பிப்ரவரி 23, ஞாயிறு, மாலை 4.30

ஒரு வாரமாக யோசித்த இரண்டு விஷயங்கள்.

ஒன்று என் வேலையிலிருந்து. புழு நீர்மம் சேகரிக்கிறோம் என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். புழு குடலிலிருந்து வருகிறது, குடல் முழுக்க பாக்டீரியா. எத்தனை முறை கழுவினாலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டே வரும். முதல் 24 மணி நேர நீர்மத்தில் பாக்டீரியாவின் நச்சுப்பொருள் அதிகம் என்பதால் அதைத் தனியே ஒதுக்கிவிட வேண்டும். சேர்ந்த புதிதில் ஒதுக்க வேண்டிய புட்டியை நான் நல்ல புட்டிகளோடு கலந்துவிட்டேன். இரண்டு மாதம் அந்த நீர்மத்தை வைத்து வந்த முடிவுகள் எல்லாம் எதிர்மாறாக வந்தன. அழற்சியைத் தணிக்க வேண்டியது அழற்சியைக் கூட்டியது. காரணம் தெரிந்த அன்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்கினோம். அன்றிலிருந்து "புழு சுரப்பது" என்று யார் சொன்னாலும், எந்தப் புரதம், எப்படிப் பிரித்தீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். ஏஆர்ஐ, டிஜிஎம் இரண்டையும் நம்புவதற்குக் காரணம், அவற்றின் மரபணுவை எடுத்து, புழுவே இல்லாமல் வேறு செல்லில் தயாரித்து, அது தனியாக அதே வேலையைச் செய்வதைக் காட்டியிருக்கிறார்கள்.

இரண்டாவது, போன வாரம் "புரதத்தைத் தனியே பிரிப்பதுதான் நேர்வழி" என்று எழுதினேன். அதில் நமக்கு ஒரு முள் இருக்கிறது. கொக்கிப் புழுக் குஞ்சு உடம்புக்குள் நுழையும்போது விடும் ஏஎஸ்பி-2 என்ற புரதத்தைத் தடுப்பூசியாகத் தயாரித்தார்கள். அமெரிக்காவில், புழுவையே பார்த்திராதவர்களுக்குப் போட்டபோது சிக்கல் இல்லை. பிரேசிலில், கொக்கிப் புழு உள்ள பகுதியில் போட்டார்கள். சிலருக்கு உடம்பெங்கும் தடித்துச் சிவந்து அரித்தது. ஏற்கெனவே புழு வந்துபோன அவர்களுடைய உடம்பு அந்தப் புரதத்தை அடையாளம் வைத்திருந்தது. சோதனையை நிறுத்திவிட்டார்கள். இப்போது சோதிக்கப்படும் தடுப்பூசிகள், புழு தன் வயிற்றுக்குள் ரத்தத்தைச் செரிக்க வைத்திருக்கும் புரதங்களைக் குறிவைக்கின்றன.

அந்தப் பிரேசில் கிராமத்தார் இடத்தில் என்னை வைத்துப் பார்த்தேன். என் உடம்பும் அந்த அடையாளத்தை வைத்திருக்கலாம். என் அம்மாவின் உடம்பும். மேல்நாட்டு நோயாளியின் குடலைத் தணிக்கத் தயாராகும் ஒரு புழுப் புரதம், தோப்பில் வெறுங்காலோடு வளர்ந்தவர்களுக்கு அதேபோல வேலை செய்யும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வேலூர் பக்கம் ஜவ்வாது மலையிலும் திமிரியிலும் ஊரில் எல்லா வயதினருக்கும் மாத்திரை கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு நடந்தது. கொக்கிப் புழு இன்னும் நம்மிடையே இருப்பதால்தான் இங்கே வந்து செய்தார்கள். இப்படிப்பட்ட புரத மருந்துகள் வரும்போது, அந்த மலை மக்களிடமும் முறையாக அனுமதி கேட்டுச் சோதித்த பிறகே நம் கடைகளுக்கு வர வேண்டும். இதை எங்கே சொல்ல முடியுமோ அங்கெல்லாம் சொல்லப் போகிறேன்.

மார்ச் 4, செவ்வாய், இரவு 9.00

மாமியாரும் மாத்திரை கேட்கிறார், பெரியவர்களுக்குத் தரலாமா என்று கேட்டிருந்தீர்கள். சந்தோஷமாக இருந்தது. பள்ளியிலும் அங்கன்வாடியிலும் முக்கியமாக 1 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கே தருகிறார்கள். அவர் வயல் வேலைக்குப் போகிறவர், களைப்பாக இருக்கிறது என்கிறார் என்றும் சொன்னீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள். ஹீமோகுளோபினும் மலமும் இரண்டும் பரிசோதிக்கச் சொல்லுங்கள், ஒன்றை மட்டும் பார்த்து அனுப்பினால் மற்றதைக் கேட்டு வாங்குங்கள். புழு இருந்தால் மாத்திரையும் இரும்புச்சத்தும் சேர்ந்தே போக வேண்டும்.

நான் ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன். அம்மாவுக்கு இப்போது 74 வயது. போன மாதம் எடுத்த ஹீமோகுளோபின் 11.8. வீட்டுக்குப் பின்னால் கழிப்பறை இருக்கிறது, தோப்புக்குப் போகும்போது செருப்பு போட்டுக்கொள்கிறார். இந்த இழையை முழுக்கப் படித்துக் காட்டினேன். கோயில் மணி நாக்கைக் கட்டுகிற இடம் வந்ததும் நிறுத்தச் சொல்லி, அதை இன்னொரு முறை படிக்கச் சொன்னார்.